அழைப்பிதழில் அச்சிடும் நேரம்: சுவிற்சர்லாந்துத் தமிழ் விழா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சுவிற்சர்லாந்தில் இயங்கும் தமிழ் மன்றங்களினதும், தமிழ்ப் பாடசாலைகளினதும், நடன, இசைப் பள்ளிகளினதும் மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

அடுத்த ஆண்டு விழாக்களுக்கு மண்டபங்களைப் பதிவு செய்யத் தொடங்கியிருப்பீர்கள். அழைப்பிதழ்கள் இன்னும் அச்சுக்குப் போயிருக்காது. போவதற்கு முன்பு, அந்த அழைப்பிதழில் இடம்பெறும் ஒரேயொரு வரியைப் பற்றி, விழா தொடங்கும் நேரத்தைச் சொல்லும் அந்த வரியைப் பற்றி, உங்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டுமென்றே இம்மடலை எழுதுகிறேன். விழா நடத்துவது எத்தனை பேரின் நித்திரையையும் கைக்காசையும் தின்னும் வேலை என்பதை அறிவேன். குறை காண்பதற்காக எழுதவில்லை.

என் மூத்த மகளுக்கு எட்டு வயதாயிருந்தபோது, பேர்ண் மாநிலத்தில் நடந்த ஒரு கலைவிழாவில் அவள் முதன்முதலாக மேடையேறுவதாக இருந்தது. அப்போது நான் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்தேன். மதிய வேலை இரண்டு மணிக்கு முடியும். இரவு வேலை ஐந்தரைக்குத் தொடங்கும். இடையில் கிடைக்கும் அந்த ஓய்வை இங்கே 'சிம்மர்ஸ்ருண்ட' என்பார்கள். குசினி வேலை செய்த எந்தத் தமிழருக்கும் இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. சனிக்கிழமைகளில் விடுப்புக் கேட்க முடியாத காலம் அது. ஆகவே அழைப்பிதழில் 'பிற்பகல் 3.00 மணி' என்று கண்டபோது எனக்குப் பெரிய ஆறுதலாயிருந்தது. மகளின் நடனம் மூன்றாவது நிகழ்ச்சி. எப்படிப் பார்த்தாலும் நாலு மணிக்குள் அதைப் பார்த்துவிட்டு, 5.04 தொடருந்தில் வேலைக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, சட்டையை மட்டும் மாற்றியபடி 2.40 மணிக்கு மண்டபத்தில் போய் நின்றேன்.

மண்டபத்தில் இரண்டு இளைஞர்கள் ஏணியில் ஏறிப் பதாகை கட்டிக்கொண்டிருந்தார்கள். கதிரைகள் இன்னும் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. பத்து நிமிடம் கழித்து, கடதாசியில் சுற்றிய சிறு பூங்கொத்தோடு மகளின் சுவிஸ் வகுப்பு ஆசிரியை வந்தார். மகள் தன் கையாலேயே ஜெர்மன் மொழியில் எழுதிக் கொடுத்த அழைப்பை மதித்து வந்திருந்தார். வெறும் மண்டபத்தைப் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து அந்த அழைப்பை எடுத்துத் திகதியை ஒருமுறை சரிபார்த்தார். பிறகு பூங்கொத்தை மேடையின் விளிம்பில் வைத்துவிட்டு, என்னோடு சேர்ந்து கதிரைகளை விரிக்கத் தொடங்கினார். மூன்று மணியானது, மூன்றரையானது. பின்னறையில் பிள்ளைகள் முழு ஒப்பனையோடு நின்றார்கள். உதட்டுச் சாயம் கலையுமென்று தண்ணீர் குடிக்க விடவில்லை. ஒட்டியாணம் இறுகுமென்று உட்கார விடவில்லை. தலைச்சாமானின் கயிறு வகிட்டில் அழுத்துகிறதென்று என் மகள் இரண்டு விரல்களை உள்ளே விட்டு அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாலு மணிக்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள். ஒலிவாங்கி 'ஒன்று, இரண்டு' சொல்லிப் பார்க்கப்பட்டது. நாலரைக்கு, பிரதம விருந்தினர் சூரிச்சிலிருந்து வந்துகொண்டிருக்கிறார், அவர் வந்ததும் மங்கல விளக்கேற்றல் என்று அறிவித்தார்கள். 4.50 மணிக்கு நான் எழுந்தேன். ஆசிரியையும் எழுந்தார், அவருக்கும் அதே தொடருந்துதான்.

நிலையத்தில் எங்கள் தலைக்கு மேலே, இந்த நாட்டில் எல்லா நிலையங்களிலும் இருக்கும் அந்த வெள்ளை முகக் கடிகாரம். ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் என்ற தொடருந்துப் பொறியாளர் 1944 இல் வடிவமைத்தது. நிலைய அதிபர் கையில் பிடிக்கும் வட்டத் தகட்டின் வடிவில் அதன் சிவப்பு விநாடிமுள் பின்னாளில் சேர்க்கப்பட்டது. அந்த முள் ஒரு சுற்றை ஏறத்தாழ ஐம்பத்தெட்டரை விநாடியில் முடித்துவிட்டு, பன்னிரண்டில் வந்து நின்று, அடுத்த நிமிடத்துக்கான மின்குறிப்பு வரும்வரை காத்திருக்கும். நாடெங்குமுள்ள நிலையக் கடிகாரங்களின் நிமிடமுட்கள் அந்தக் குறிப்புக்காகக் காத்திருந்து ஒன்றாக நகர்கின்றன. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் ஆசிரியை மிகத் தணிந்த குரலில் என்னிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டார். "நான் அழைப்பிதழைச் சரியாக வாசிக்கவில்லையா?" என்பது முதலாவது. "யாருக்காவது ஏதும் நடந்துவிட்டதா, விபத்தா?" என்பது இரண்டாவது.

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார். அவர் வளர்ந்த சூழலில் ஒரு விழா இரண்டு மணித்தியாலம் சுணங்குவதென்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். அந்தக் காரணம் பெரும்பாலும் துயரமானதாக இருக்கும். இங்கே தொடருந்து மூன்று நிமிடம் பிந்தினாலே அது நேரத்துக்கு வந்ததாகக் கணக்கில் சேராது. எங்களுக்கோ சுணக்கம் மழைவெயிலைப் போன்றது; அதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. ஏதோ பொய் சொல்லியிருப்பேன். விளக்கு 5.10 மணிக்கு ஏற்றப்பட்டதையும், என் மகள் ஆறு மணியளவில் ஆடியதையும், ஆடும்போது முன்வரிசையில் எங்கள் இரண்டு கதிரைகளையும் தேடிப் பார்த்ததையும் மனைவி சொல்லி இரவு அறிந்தேன்.

இந்த இரண்டு மனநிலைகளில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. நேரந்தவறாமையைக் குறிக்கும் ஜெர்மன் சொல் 'புள்ளி' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. அவர்களுக்கு ஆறு மணி என்பது ஒரு புள்ளி. எங்கள் பேச்சில் ஆறு மணி ஒரு பரப்பு. 'ஆறு மணி போல', 'பொழுதுபட', 'விளக்கு வைக்கிற நேரம்' என்று சொன்னால் ஊரில் எல்லோருக்கும் விளங்கும். கலியாண வீட்டுக்கு மூன்று நாள் முன்பே பலகாரச் சூட்டுக்குப் பெண்கள் வருவார்கள், பந்தல் போட ஆண்கள் வருவார்கள், வந்தவர் சாப்பிட்டுவிட்டுப் போய்த் திரும்ப வருவார். அங்கே யாரும் பிந்தி வந்தவரில்லை, ஏனென்றால் அந்த வீடு ஒரு குறித்த கணத்தில் தொடங்கவேயில்லை. வழியில் கண்ட பெரியவரோடு நின்று கதைப்பது அங்கே கடமை; நேரமாகிறதென்று அவரை உதறிவிட்டு ஓடுவதுதான் மரியாதைக்கேடு. பிரேசிலில் கற்பித்த ரொபேர்ட் லெவின் என்ற அமெரிக்க உளவியலாளர், பத்து மணி வகுப்புக்குத் தன் மாணவர்கள் பிந்தி வந்ததையும், வகுப்பு முடியவேண்டிய பன்னிரண்டு மணி கடந்த பின்பும் எழுந்து போகாமல் கேள்வி கேட்டபடி இருந்ததையும் பதிவு செய்திருக்கிறார். எங்கள் விழாக்களிலும் அதைக் காணலாம். பிந்தி வருபவர் விரைந்து போவதில்லை. கடைசிவரை இருந்து கதிரையும் அடுக்கிக் கொடுப்பார். அதே லெவின் பின்னர் 31 நாடுகளில் நடையின் வேகத்தையும் அஞ்சலகப் பணியின் வேகத்தையும் வங்கிக் கடிகாரங்களின் துல்லியத்தையும் அளந்தபோது முதலிடத்தில் வந்தது சுவிற்சர்லாந்து. ஆக, நேரத்தைப் பரப்பாகக் கண்ட ஊரிலிருந்து, அதை மிகக் கூர்மையான புள்ளியாகக் காணும் நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். இங்கே மண்டபம் மணிக்கணக்கில் வாடகைக்கு வருகிறது. அயலில் நாலு வீடு தள்ளி எவரும் இல்லை. கடைசித் தொடருந்து போனால் போனதுதான். ஊரில் சுணக்கத்தைத் தாங்கிக்கொண்ட எல்லாமும், அயலும் திண்ணையும் அடுப்பும், இங்கே இல்லை.

இதைச் சொன்னால், "பிந்துவது எங்கள் பண்பாடு, என்ன செய்வது" என்ற பதில் வருகிறது. இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. தாலி கட்டும் முகூர்த்தத்தை நாங்கள் நிமிடக் கணக்கில் பார்க்கிறோம். வாக்கியமா திருக்கணிதமா என்று இரண்டு பஞ்சாங்கங்களை வைத்து, புத்தாண்டு பிறக்கும் நேரத்துக்கே வாதாடுகிறோம். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை எண்ணிப் பாருங்கள். பூசையும் திருவிழாவும் குறித்த நேரத்தில் நடப்பதற்கே பேர்போன கோயில் அது. எந்தப் பிரமுகர் வந்தாலும் வராவிட்டாலும் மணி அடிக்கும், திரை விலகும். உள்ளே போகும் ஆண்கள் எல்லோரும் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். அர்ச்சனைச் சீட்டு எல்லோருக்கும் ஒரு ரூபாய். நேரத்தை மதிப்பதும் ஆட்களைச் சமமாக மதிப்பதும் அங்கே ஒரே ஒழுங்கின் இரண்டு பக்கங்களாக இருக்கின்றன. யாழ்ப்பாணத்தவர் எவரும் நல்லூருக்கு 'தமிழ் நேரத்தில்' போவதில்லை.

இன்னும் பின்னே போனால், அரசனின் பாசறையில் நீர்க்கடிகாரத்தைப் பார்த்துப் பொழுதறிவிப்பவர்களை முல்லைப்பாட்டு காட்டுகிறது. அவர்களை அது 'பொழுது அளந்து அறியும் பொய்யா மாக்கள்' என்கிறது. நேரம் சொல்பவருக்கு அந்தப் புலவர் கண்ட முதல் தகுதி, பொய் சொல்லாமை.

என் தலைமுறைக்கு வேறொரு நினைவும் உண்டு. 1996 இல் இலங்கை அரசு கடிகாரத்தை முன்தள்ளியபோது, புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன. 2006 இல் நாடு மறுபடி பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை ஒரு சிறு தீவுக்குள் இரண்டு நேரங்கள் இருந்தன. 1999 இல் வெளியேறும்வரை நான் வன்னியில் இருந்தேன். யாராவது மணி சொன்னால் 'பழசோ புதுசோ' என்று கேட்டு உறுதிப்படுத்தாமல் நாங்கள் வீட்டைவிட்டுப் புறப்பட்டதில்லை. அரைமணித்தியால வேறுபாட்டை அவ்வளவு கவனமாகக் கையாண்ட மக்கள், இரண்டு மணித்தியாலச் சுணக்கம் தங்கள் இரத்தத்திலேயே இருக்கிறதென்று இங்கே வந்து சொல்வது எனக்குப் புரியவில்லை.

இந்தச் சமாதானத்தை நாங்கள் மட்டும் சொல்வதுமில்லை. பெரு நாட்டவர் பிந்துவதைத் தங்கள் நாட்டின் பெயராலேயே 'பெரு நேரம்' என்று அழைக்கிறார்கள்; அந்தப் பழக்கத்தை மாற்றவென்று 2007 மார்ச் 1 ஆம் நாள் நண்பகலில் அரசே மணிகளையும் சங்குகளையும் ஒலிக்கச் செய்து, மக்களைக் கடிகாரத்தைச் சரிசெய்யச் சொன்னது. ஐவரி கோஸ்ற்றில் அதே ஆண்டு நேரந்தவறாதவருக்கு ஒரு வீட்டையே பரிசாகக் கொடுத்தார்கள். எல்லோரையும்விட வியப்பளிப்பவர்கள் ஜப்பானியர். 1850களின் இறுதியில் நாகசாகியில் கடற்படைப் பயிற்சி கொடுத்த கற்றன்டைக்கே என்ற டச்சு அதிகாரி, அங்கே சொன்ன நேரத்துக்குப் பொருள் வந்து சேர்வதில்லை, வேலையாள் ஒருநாள் வந்தால் மறுநாள் வருவதில்லை என்று குறைப்பட்டு எழுதினார். பகலையும் இரவையும் தனித்தனியே ஆறாகப் பிரித்து, பருவத்துக்கேற்ப நீளும் குறுகும் நேரங்களில் வாழ்ந்த அம்மக்கள், 1873 இல்தான் இருபத்துநாலு சமமான மணித்தியாலங்களுக்கு மாறினார்கள். 1920 இல் நேரத்துக்கென்றே ஜூன் 10 ஐ ஒரு நினைவு நாளாக்கினார்கள். இன்று உலகம் உதாரணம் காட்டும் அந்த ஒழுங்கு, சில தலைமுறைகளில் பள்ளிக்கூடமும் தொழிற்சாலையும் தொடருந்தும் சேர்ந்து பழக்கிய ஒன்று.

அந்தப் பழக்கத்தின் மறுபக்கத்தையும் நான் மறைக்கவில்லை. 2005 ஏப்ரல் 25 அன்று ஜப்பானின் அமகசாகி நகரில், ஏறத்தாழ ஒன்றரை நிமிடச் சுணக்கத்தை ஈடுசெய்ய முயன்ற இளம் ஓட்டுநர் வளைவில் மிகை வேகத்தில் செலுத்திய தொடருந்து தடம்புரண்டு, அவரோடு சேர்த்து 107 பேர் இறந்தார்கள். பிந்தியவரை அவமானப்படுத்தும் தண்டனைமுறை அவரை எவ்வளவு அச்சுறுத்தியிருந்தது என்பது பின்னர் வெளிவந்தது. விநாடிக்கு விநாடி பயந்து வாழும் அந்த வாழ்க்கையை நான் உங்களிடம் கேட்கவில்லை. கேட்பதெல்லாம், அச்சிட்ட நேரம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதுதான்.

ஏனென்றால், எங்கள் ஆட்கள் நேரம் தெரியாதவர்களல்லர். முதியோர் இல்லத்தில் காலை ஏழு மணி வேலைக்கு ஆறே முக்காலுக்குப் போய் நிற்கும் அதே அக்கா, பிள்ளையின் பாடசாலைக் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னே போகும் அதே அண்ணா, உங்கள் விழாவுக்கு மட்டும் ஒன்றரை மணித்தியாலம் கழித்து வருகிறார். அவர் உங்களை அவமதிக்கவில்லை. நீங்கள் அச்சிட்டதை நம்பவில்லை, அவ்வளவுதான். நீங்களும் அவரை நம்புவதில்லை. "நாலு எண்டு போட்டால்தான் ஆறுக்கெண்டாலும் வருவினம்" என்று நிர்வாகக் கூட்டங்களில் சொல்லப்படுவதை நானே கேட்டிருக்கிறேன். நீங்கள் இரண்டு மணித்தியாலத்தைக் கழித்து அச்சிடுகிறீர்கள். அவர் இரண்டு மணித்தியாலத்தைக் கூட்டி வாசிக்கிறார். இந்தக் கூட்டல் கழித்தலில் ஏமாறுபவர்கள், எழுதியதை எழுதியபடியே நம்பி வருபவர்கள் மட்டுமே: குசினி வேலையின் இடைவேளையில் வந்த தகப்பன், இன்சுலின் ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் நேரம் பார்க்கும் அம்மம்மா, பூங்கொத்தோடு வந்த ஆசிரியை, ஒப்பனை போட்டதிலிருந்து நின்றுகொண்டிருக்கும் பிள்ளை. காத்திருக்க வைக்கப்படுபவர் எப்போதும் எளியவராகவும், காக்க வைப்பவர் எப்போதும் பொன்னாடைக்குரியவராகவும் இருப்பதைக் கவனித்துப் பாருங்கள்.

இங்கே பிறந்த பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் அவர்களுக்கு அகரத்திலிருந்து தமிழைச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் 'தமிழ்' என்ற சொல்லை அவர்கள் தங்களுக்குள் ஜெர்மன் மொழியில் சிரித்தபடி சொல்வது பெரும்பாலும் 'தமிழ் நேரம்' என்ற சேர்க்கையில்தான். இரண்டாயிரம் ஆண்டு மொழியின் பெயர் என் பிள்ளையின் வாயில், நம்ப முடியாத ஒரு வாக்குறுதிக்கான பெயராக வருவதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது. நாங்கள் அவர்களுக்கு விட்டுச்செல்ல விரும்பியது இதுவன்று.

என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெகிழ்ச்சி வேண்டிய இடத்தில் அதை வெளிப்படையாக அச்சிடுங்கள். இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் எட்டு மணி விரிவுரை எட்டேகாலுக்குத் தொடங்கும் பழைய மரபு உண்டு. எல்லோருக்கும் தெரிந்த கால்மணித்தியாலம் என்பதால் அதில் ஏமாறுபவர் இல்லை. அதுபோல, சாமத்திய வீடு, திருமண வரவேற்பு, பிறந்தநாள் போன்ற, கதவு திறந்தே இருக்கும் நிகழ்வுகளுக்கு '4 மணியிலிருந்து 9 மணிவரை' என்று போடுங்கள். வந்தவர் வந்த நேரத்தில் ரோல்ஸும் தேநீரும் எடுத்து, கண்டவரோடு கதைத்து, ஊரில் இருந்தது போலவே இருக்கட்டும். அந்தப் பண்பாடு அழியக் கூடாதென்றே நானும் விரும்புகிறேன். மேடை உள்ள நிகழ்வுகளுக்கு, அரங்கேற்றத்துக்கும் நூல் வெளியீட்டுக்கும் பாடசாலை ஆண்டுவிழாவுக்கும், திரை விலகும் நேரத்தையும் மண்டபம் மூடும் நேரத்தையும் அச்சிட்டு, முன்வரிசையில் ஏழு பேரே இருந்தாலும் அந்த நிமிடத்தில் தொடங்குங்கள். முதல் விழாவில் வெறும் கதிரைகளுக்கு முன்னால் பிள்ளைகள் ஆட நேரலாம் என்ற உங்கள் அச்சம் நியாயமானது. ஆகவே முதல் அரைமணித்தியாலத்தைப் பெரியவர்களின் வாத்தியத்துக்கோ பாட்டுக்கோ ஒதுக்கி, அதன்பின் சின்னப் பிள்ளைகளை ஏற்றுங்கள். இரண்டாம் விழாவில் கதிரைகள் நிறையும். மங்கல விளக்கைப் பிரதம விருந்தினருக்காகக் காக்க வைக்காதீர்கள். வந்திருப்பவர்களில் மூத்த ஓர் அம்மா ஏற்றட்டும். விருந்தினர் வந்ததும், ஒரு நடனத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் அவரை மேடைக்கு அழைத்து மதிப்பளிக்கலாம். அதில் அவருக்கு எந்தக் குறையும் வராது.

என் மூத்த மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். மாலையில் சிறுமிகளுக்கு நடனம் பழக்குகிறாள். வரும் ஆண்டில் அவளுடைய ஆறு மாணவிகள் உங்களில் ஒருவரின் மேடையில் முதன்முதலாக ஏறப்போகிறார்கள். அவர்களில் ஒருத்தியின் தகப்பனுக்கு இன்றும் குசினி வேலைதான், இன்றும் அதே இடைவேளைதான். அன்று மூன்று மணி என்று அச்சிட்டிருந்தால், மூன்று மணிக்குத் தொடங்குங்கள். கதிரைகளை விரிக்கவும் பதாகை கட்டவும் ஆள் போதாதென்றால் எனக்குச் சொல்லுங்கள். ஒரு மணிக்கே வந்து நிற்பேன்.

பணிவுடன்,
பேர்ண் மாநிலத்திலிருந்து இரு பிள்ளைகளின் தந்தை